டேப்லெட்டுக்கு எங்கே வயதாகிறது?

2023ஆம் ஆண்டு முழுவதும் ஆப்பிள் நிறுவனம் ஒரு புதிய ஐபேட் மாடலைக்கூட வெளியிடவில்லை. 2010இல் முதல் ஐபேட் வந்ததிலிருந்து அப்படியொரு ஆண்டு அதுவரை இருந்ததில்லை. அந்த ஆண்டில் யாருடைய படிப்பும் தடைப்படவில்லை. படம் பார்ப்பதையோ, வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசுவதையோ யாரும் நிறுத்தவில்லை. கையில் இருந்த பழைய கருவியே எல்லா வேலையையும் செய்தது. 2024 மே மாதம் புதிய மாடல்கள் வந்தன. உடனே "நம்முடையதை மாற்றிவிடலாமா?" என்ற கேள்வியும் வீடுகளுக்குள் வந்துவிட்டது.

கேள்வி நியாயமானதுதான். 2025 மார்ச்சில் வந்த ஐபேட் வரிசையின் எளிய மாடலுக்கே இந்தியாவில் அறிமுக விலை 34,900 ரூபாய். 2024இன் 11 அங்குல ஐபேட் ப்ரோ 99,900 ரூபாயில் தொடங்கியது. நடுத்தரக் குடும்பம் பலமுறை யோசித்து எடுத்துவைக்க வேண்டிய தொகை இது. தவணையில் வாங்கினாலும் கடன் கடன்தான். எனவே இதற்கான விடையை விளம்பரத்திடம் கேட்காமல் இயற்பியலிடமும் வேதியியலிடமும் கேட்பது நல்லது.

ஒரு டேப்லெட்டில் விளம்பரம் பேசுகிற உறுப்புகள் சில உண்டு: திரை, சிப், மெல்லிய உடல். காலப்போக்கில் உண்மையாகவே தேய்கிற உறுப்புகள் சில உண்டு: பேட்டரி, ஸ்டோரேஜ், மென்பொருள் ஆதரவு. இந்த இரண்டு பட்டியலும் ஒன்றோடொன்று பொருந்துவதே இல்லை. புதிய மாடலில் என்ன கூடியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், நம் கையில் இருப்பதில் எது தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு

திரையிலிருந்து தொடங்குவோம். நல்ல பார்வையுள்ள ஒருவரின் கண், அடுத்தடுத்துள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய அவற்றுக்கு இடையே குறைந்தது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் இருக்க வேண்டும். டேப்லெட்டை நாம் பெரும்பாலும் முகத்திலிருந்து 38 சென்டிமீட்டர் தொலைவில் பிடிக்கிறோம் என்று கொண்டால், அந்தக் கோணம் திரையில் 0.11 மில்லிமீட்டர் ஆகிறது. அதைவிடச் சிறிய புள்ளிகள் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. ஒன்றாகக் கலந்து வழவழப்பான எழுத்தாகவும் படமாகவும் தெரியும்.

2010இன் முதல் ஐபேடில் ஓர் அங்குலத்துக்கு 132 பிக்சல்கள். ஒரு பிக்சலின் அகலம் 0.19 மில்லிமீட்டர். உற்றுப் பார்த்தால் எழுத்துகளின் விளிம்பில் பிசிறு தெரியும். 2012 மார்ச்சில் வந்த மூன்றாம் ஐபேட் இதை 264 ஆக உயர்த்தியது. பிக்சலின் அகலம் 0.096 மில்லிமீட்டராகச் சுருங்கி, கண்ணின் எல்லையைத் தாண்டியது. அன்று பழையதை விட்டுப் புதியதற்கு மாறியவர்களுக்குக் கிடைத்தது கண்கூடான பயன். குறிப்பாக, வளைவும் சுழியும் நிறைந்த தமிழ் எழுத்துகளைச் சிறிய அளவில் படிப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

அதன்பிறகு என்ன ஆனது? 2025இன் எளிய ஐபேடிலும் அங்குலத்துக்கு 264 பிக்சல்கள்தான். லட்சத்தைத் தாண்டும் 13 அங்குல ஐபேட் ப்ரோவிலும் அதே 264தான். பதின்மூன்று ஆண்டுகளாக அந்த எண் நகரவில்லை. நகர்த்தினாலும் கண் அதைப் பார்க்கப் போவதில்லை என்பது தயாரிப்பாளருக்கே தெரியும்.

திரைகள் வேறு வழிகளில் முன்னேறியிருப்பது உண்மை. ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்கிறது. கறுப்பு வர வேண்டிய இடத்தில் பிக்சல் அணைந்துவிடும். பின்னாலிருந்து விளக்கு அடிக்கும் எல்சிடி திரையில் கறுப்பு சற்றுச் சாம்பல் பூத்துத் தெரியும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். பகலில் பாடப்புத்தகம் படிக்கும் மாணவருக்கு அநேகமாகத் தெரியாது.

திரை ஒரு நொடியில் எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதும் அப்படியே. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லிநொடி, 120 ஹெர்ட்ஸில் 8.3 மில்லிநொடி. பக்கத்தை வேகமாக நகர்த்தும்போதும் பேனாவால் வரையும்போதும் இது கைக்கு உணரக்கூடிய வேறுபாடு. ஆனால் திரைப்படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்படுகின்றன. அவற்றை நொடிக்கு 120 முறை புதுப்பித்தாலும் படத்தில் இல்லாத அசைவு புதிதாக வந்துவிடாது.

வேகத்தின் கணக்கு

அடுத்தது சிப். 2025இன் ஐபேடில் உள்ள ஏ16 சிப், 2022இன் ஐபேடில் இருந்த ஏ14ஐவிட ஏறத்தாழ 30 விழுக்காடு வேகமானது என்று ஆப்பிள் கூறியது. கூற்று பொய்யென்று சொல்ல வரவில்லை. அந்த 30 விழுக்காடு நம் அன்றாடத்தில் எவ்வளவாகத் தெரியும் என்பதே கேள்வி.

கணினி அறிஞர் ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த ஒரு கருத்து இங்கே உதவும். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்தினால், முழு வேலைக்குக் கிடைக்கும் ஆதாயம் அந்தப் பகுதியின் அளவுக்குள்தான் அடங்கும். ஓர் இணையப் பக்கம் திறக்க மூன்று நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டரை நொடி, தொலைவிலுள்ள சர்வரிலிருந்து தரவு வந்துசேரும் காத்திருப்பு. சிப் வேலை செய்வது மீதி அரை நொடி. சிப் 30 விழுக்காடு வேகமானால் அந்த அரை நொடி 0.38 நொடியாகும். மூன்று நொடி 2.88 நொடியாகக் குறையும். இந்த வேறுபாட்டை யாரும் உணரப் போவதில்லை. அதே வீட்டில் வைஃபை ரூட்டரைச் சுவர் மறைக்காத இடத்துக்கு மாற்றிவைத்தால் அதைவிடக் கூடுதல் பயன் கிடைக்கலாம்.

வீடியோ பார்ப்பதில் சிப்பின் வேகம் இன்னும் குறைவாகவே பேசுகிறது. வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலைக்கென்று சிப்புக்குள் தனிச் சுற்று உண்டு. பத்தாண்டு பழைய நல்ல டேப்லெட்டிலும் அந்தச் சுற்று வழக்கமான வீடியோ வடிவங்களைச் சிரமமின்றிக் கையாள்கிறது. யூடியூபில் பாடம் கேட்பவருக்கும் ஆன்லைன் வகுப்பில் உட்காருபவருக்கும் மைய சிப் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கிறது.

மனித உணர்வுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. கணினியின் பதிலுக்காக மனிதர்கள் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்று 1968இல் ஆராய்ந்து எழுதியவர் ராபர்ட் மில்லர். தொட்டவுடன் ஏறத்தாழ பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வந்துவிட்டால், மனம் அதை "உடனடி" என்றே எடுத்துக்கொள்கிறது. ஓர் ஆப் அந்த எல்லைக்குள் வந்துவிட்ட பிறகு, அதை இன்னும் பாதியாகக் குறைத்தாலும் பயனருக்கு அது பழைய "உடனடி"தான். சில ஆண்டுகளுக்கு முன் வந்த நடுத்தர டேப்லெட்டுகளே அன்றாட வேலைகள் பலவற்றில் இந்த எல்லைக்குள் வந்துவிட்டன.

மக்கள் இதைத் தங்கள் அனுபவத்தாலேயே கண்டுகொண்டார்கள். 2013 நிதியாண்டில் ஆப்பிள் விற்ற ஐபேடுகள் 7.1 கோடி. 2018 நிதியாண்டில் அது 4.35 கோடியாக இறங்கியது. டேப்லெட்டை மக்கள் வெறுத்துவிடவில்லை. வாங்கியது ஆண்டுக்கணக்கில் உழைத்ததால் மறுபடி வாங்கும் தேவை எழவில்லை என்பது இந்தச் சரிவுக்கு ஒரு முக்கியக் காரணம்.

மாறாத பத்து மணி நேரம்

முதல் ஐபேட் ஒரு சார்ஜில் பத்து மணி நேரம் உழைக்கும் என்றார்கள். 2025இன் ஐபேடும் பத்து மணி நேரம் உழைக்கும் என்கிறார்கள். இடையில் சிப்புகள் பல மடங்கு சிக்கனமாயின, பேட்டரிகளும் மேம்பட்டன. அந்த ஆதாயமெல்லாம் உடலை மெலிய வைப்பதற்கும் திரையை இன்னும் பிரகாசமாக்குவதற்கும் செலவானது. முதல் ஐபேட் 13.4 மில்லிமீட்டர் தடிமன், 680 கிராம். 2024இன் 13 அங்குல ப்ரோ பெரிய திரையோடு 5.1 மில்லிமீட்டருக்கு மெலிந்துவிட்டது.

எடை குறைவது நல்லதுதான். படுத்துக்கொண்டு படிப்பவரின் மணிக்கட்டு நன்றி சொல்லும். ஆனால் புது மாடலுக்கு மாறினால் சார்ஜ் கூடுதல் நேரம் நிற்கும் என்று எதிர்பார்ப்பவர், அதே நிறுவனத்தின் பழைய பெட்டியில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருந்தது என்பதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். புதியது கூடுதல் நேரம் உழைப்பதாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம், நம் பழைய பேட்டரி தேய்ந்திருப்பது.

தேய்வது ஒன்று: பேட்டரி

லித்தியம் அயனி பேட்டரியை 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியதற்காக ஜான் குடெனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் ஒரு மின்முனையிலிருந்து கிளம்பி, கிராஃபைட்டாலான மறு மின்முனையின் அடுக்குகளுக்குள் போய் அமர்கின்றன, பயன்படுத்தும்போது திரும்புகின்றன. கிராஃபைட்டின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. பேட்டரிக்குப் பாதுகாப்பே அந்தப் படலம்தான். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அது தடித்துக்கொண்டே போகிறது. அதில் சிக்கிய லித்தியம் மறுபடி வேலைக்குத் திரும்புவதில்லை. கொள்ளளவு குறைவது இப்படித்தான்.

முழுக் கொள்ளளவுக்கு ஒருமுறை செலவழித்தால் அது ஒரு சுழற்சி. இரண்டு நாள் பாதி பாதியாகச் செலவழித்தாலும் சேர்த்து ஒரே சுழற்சிதான். ஐபேடின் பேட்டரி 1,000 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவோடு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்கிறது ஆப்பிள். ஒருவர் நாளொன்றுக்கு 40 விழுக்காடு செலவழித்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 146 சுழற்சிகள். அந்தக் கணக்கில் 1,000 சுழற்சிகளைத் தொட ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

கணக்கைக் கெடுப்பது வெப்பம். பேட்டரிக்குள் நடக்கும் வேண்டாத வேதிவினைகள் சூட்டில் விரைகின்றன. ஐபேடைப் பயன்படுத்தச் சூழல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. வேலூரிலும் திருச்சியிலும் மே மாத வெயில் 40ஐத் தாண்டுகிறது. மூடிய காருக்குள்ளோ சன்னலோர வெயிலிலோ வைத்த டேப்லெட் நிழலில் இருப்பதைவிட விரைவில் தளரும். எந்நேரமும் 100 விழுக்காட்டில் சார்ஜரில் செருகியே வைத்திருப்பதும் கெடுதல். பல டேப்லெட்டுகளில் 80 அல்லது 85 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் வசதி அமைப்புகளிலேயே உண்டு. வீட்டிலேயே இருக்கும் கருவிக்கு அதை இயக்கிவைப்பது நல்லது.

தேய்ந்த பேட்டரிக்காக டேப்லெட்டையே மாற்ற வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மட்டும் மாற்றலாம். புதுக் கருவியின் விலையோடு ஒப்பிட்டால் செலவு சிறு பகுதிதான். திரை மேலெழும்பியோ பின்புறம் உப்பியோ தெரிந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். பேட்டரிக்குள் வாயு சேர்ந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட வேண்டும்.

தேய்வது இரண்டு: ஸ்டோரேஜ்

"வாங்கியபோது நன்றாக ஓடியது, இப்போது தட்டினால் திறக்கவே மாட்டேன் என்கிறது." இந்தப் புகாரைக் கேட்காத வீடு இல்லை. பழியெல்லாம் சிப்பின் மேல் விழும். உண்மையில் சிப் முதல் நாள் ஓடிய வேகத்திலேயே ஓடுகிறது. சுணங்குவது பெரும்பாலும் ஃப்ளாஷ் நினைவகம்.

ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதுவது சிறு சிறு பக்கங்களாக நடக்கும். அழிப்பது மட்டும் பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய தொகுதியாகத்தான் நடக்கும். கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை முழுவதும் எழுந்த பிறகுதான் இலைகளை எடுத்து, மேசையைத் துடைத்து அடுத்த பந்தியை உட்கார வைக்க முடியும். ஒருவர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அவரை வேறு இடத்துக்கு மாற்றி உட்கார வைக்க வேண்டும். மண்டபத்தில் காலி மேசைகள் இருக்கும்வரை இது எளிது. நிரம்பி வழியும்போது எல்லாமே தாமதமாகும். ஸ்டோரேஜ் 90, 95 விழுக்காடு நிரம்பிய டேப்லெட்டுக்குள் நடப்பதும் இதுதான்.

இதற்கு வரலாற்றில் தெளிவான ஒரு சான்று உண்டு. கூகுளுக்காக ஏசஸ் தயாரித்து 2012இல் வந்த நெக்ஸஸ் 7, 199 டாலர் விலையில் பெரும் வரவேற்பைப் பெற்றது. மாதங்கள் செல்லச் செல்ல அது மந்தமாவதாகப் பயனர்கள் எங்கும் முறையிட்டார்கள். அழித்துவிட்ட கோப்புகளின் இடம் காலியாகிவிட்டது என்பதை ஃப்ளாஷ் நினைவகத்துக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு அதில் ஒழுங்காக இல்லை. 2013 ஜூலையில் வந்த ஆண்ட்ராய்டு 4.3 அந்த ஏற்பாட்டைச் சேர்த்தது. சோர்ந்துபோயிருந்த பல கருவிகள், ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், மறுபடி சுறுசுறுப்பாயின. அடுத்த ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 5.0 அதே கருவிக்குத் தாங்க முடியாத சுமையானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மென்பொருளால் ஒரு கருவி பிழைக்கவும் முடியும், நலியவும் முடியும்.

எனவே மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். படங்களையும் வீடியோக்களையும் வேறிடத்தில் சேமித்துவிட்டு, ஸ்டோரேஜில் நாலில் ஒரு பங்காவது காலியாக இருக்கும்படி செய்யுங்கள். அப்போதும் மந்தமாக இருந்தால், எல்லாத் தரவையும் பாதுகாத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்து, உண்மையில் பயன்படுத்தும் ஆப்களை மட்டும் மறுபடி நிறுவுங்கள். அரை நாள் பொறுமை, பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தலாம்.

தேய்வது மூன்று: மென்பொருள் ஆதரவு

கண்ணுக்குத் தெரியாமல் தேய்வது இது. மூன்றில் தீர்ப்பை முடிவு செய்வதும் இதுதான்.

மென்பொருள் அப்டேட் இரண்டு வகை. புதிய வசதிகளைத் தருவது ஒன்று; பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது மற்றொன்று. முதல் வகை நின்றால் வாழ்க்கை நின்றுவிடாது. இரண்டாவது நின்றால் ஆபத்து. 2015இல் ஆண்ட்ராய்டில் கண்டறியப்பட்ட "ஸ்டேஜ்ஃப்ரைட்" ஓட்டை, ஒரு வீடியோ கோப்பை அனுப்பியே கருவிக்குள் நுழைய வழிவிட்டது. இப்படியான ஓட்டைகள் தொடர்ந்து கண்டறியப்படுகின்றன. ஆதரவு உள்ள கருவிகளில் அடைக்கப்படுகின்றன. ஆதரவு முடிந்த கருவிகளில் அப்படியே திறந்து கிடக்கின்றன. வங்கிக் கணக்கும் யுபிஐயும் ஆதார் விவரங்களும் அந்தக் கருவியில் இருந்தால் இழப்பு நம்முடையது.

பழைய கருவியில் சில இணையதளங்கள் திறக்க மறுப்பதற்கும் இதனோடு தொடர்பு உண்டு. ஒரு தளம் உண்மையானதா என்று சரிபார்க்கக் கருவிக்குள் அடிப்படைச் சான்றிதழ்கள் வைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்குக் காலாவதித் தேதி உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று உலகெங்கும் பயன்பாட்டில் இருந்த ஓர் அடிப்படைச் சான்றிதழ் காலாவதியானது. அப்டேட் நின்றுபோன பழைய கருவிகள் சில, நல்ல தளங்களையே நம்ப மறுத்தன. திரையும் சிப்பும் முழு நலத்தோடு இருந்தும் கருவி முடங்குவது இப்படித்தான்.

ஆதரவு எத்தனை ஆண்டு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிதும் மாறுகிறது. 2014இன் ஐபேட் ஏர் 2, 2021 வரை ஒவ்வோர் ஆண்டின் புதிய இயங்குதளத்தையும் பெற்றது. 2025இன் ஐபேடோஎஸ் 26, ஜன்னல்களை விருப்பம்போல் அடுக்கிவைக்கும் புதிய வசதியோடு, 2020இன் எளிய ஐபேடுக்கும் வந்தது. சாம்சங் தன் 2024இன் கேலக்ஸி டேப் எஸ்10 வரிசைக்கு ஏழு ஆண்டு ஆதரவை அறிவித்தது. மலிவு விலை டேப்லெட்டுகள் பலவற்றில் இரண்டொரு ஆண்டிலேயே அப்டேட் நின்றுவிடுகிறது. குறைந்த விலைக்கு வாங்கியது விரைவில் மாற்ற வேண்டியதாகி, கூடுதல் செலவாக முடிவது அங்கேதான்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே கொண்டுவந்திருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் டேப்லெட்டுகளின் பேட்டரி 800 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவோடு இருக்க வேண்டும். விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்தாண்டு இயங்குதள அப்டேட் கிடைக்க வேண்டும். உதிரி பாகங்களும் கிடைக்க வேண்டும். இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் "ரைட் டு ரிப்பேர்" இணையதளத்தைத் தொடங்கியது. பழுதுபார்க்கும் உரிமை சட்டமாகவும் வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக்காக மாற்றலாமா?

இப்போதைய விளம்பரங்களின் தலைப்புச் செய்தி இது. ஒரு மொழி மாதிரி கருவிக்குள்ளேயே ஓட வேண்டுமானால் அதன் எண்கள் முழுவதும் ரேமில் இருக்க வேண்டும். ஆப்பிள் தன் கருவிகளுக்குள் வைத்திருக்கும் மாதிரி ஏறத்தாழ 300 கோடி எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு பைட் என்றால் 6 ஜி.பி. தேவை. எண்களை நான்கு பிட்டுக்குச் சுருக்கினால் 1.5 ஜி.பி. போதும். மற்ற ஆப்களுக்கும் இடம் வேண்டும் என்பதால், இதை இயக்கும் ஆப்பிள் கருவிகள் எல்லாவற்றிலும் குறைந்தது 8 ஜி.பி. ரேம் இருக்கிறது.

இதன் விளைவைக் கவனியுங்கள். 2025இல் வந்த ஏ16 ஐபேடில் "ஆப்பிள் இன்டெலிஜென்ஸ்" இயங்காது. 2021இல் வந்த எம்1 ஐபேட் ப்ரோவில் இயங்கும். புதிய மாடல் என்பதாலேயே எல்லாம் கிடைத்துவிடும் என்று நம்ப முடியாது. 2025 நிலவரப்படி அது ஆதரிக்கும் மொழிகளில் தமிழும் இல்லை. சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை தொலைவிலுள்ள சர்வர்களில் ஓடுவதால், இணைய இணைப்புள்ள, அப்டேட் வந்துகொண்டிருக்கும் பழைய டேப்லெட்டிலும் அவை வேலை செய்கின்றன. நம் வீட்டில் உள்ளவர்களின் தேவைக்கு அது போதும்.

யார் மாற்ற வேண்டும்?

மாற்ற வேண்டியவர்களும் இருக்கிறார்கள். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன கருவியில் பணப் பரிமாற்றம் செய்பவர் மாற்றியே ஆக வேண்டும். அதுவரை வங்கி ஆப்களை அதிலிருந்து நீக்கிவிட்டு, படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டும் பயன்படுத்தலாம். ஓவியம் வரைந்து பிழைப்பவருக்குப் பேனாவின் தாமதம் குறையக் குறையக் கை சொல்வதைத் திரை கேட்கும். 120 ஹெர்ட்ஸ் திரை அவருக்குத் தொழில் கருவி. வீடியோ தொகுப்பவருக்கும் இசையமைப்பவருக்கும் சிப்பின் ஒவ்வொரு விழுக்காடும் மிச்சமாகும் நேரம். 32 ஜி.பி. ஸ்டோரேஜோடு திண்டாடும் பழைய கருவியை வைத்திருக்கும் மாணவருக்கும் மாற்றம் நியாயமே.

மற்றவர்கள், அதாவது படிப்பு, படம், வீடியோ அழைப்பு, மின்னஞ்சல், செய்தி வாசிப்பு என்று பயன்படுத்தும் பெரும்பான்மையோர், அப்டேட் வந்துகொண்டிருக்கும்வரை காத்திருக்கலாம். அவர்களுக்கு ஆண்டுதோறும் மாற்றுவது வீண். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும் வீண். நல்ல டேப்லெட் ஒன்று இடையில் ஒரு பேட்டரி மாற்றத்தோடு ஐந்து முதல் ஏழு ஆண்டு உழைக்க வேண்டும், பெரும்பாலும் உழைக்கும்.

வாங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், கடைக்காரரிடம் சிப்பின் பெயரைக் கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை வரும்? ரேமும் ஸ்டோரேஜும் எவ்வளவு? 128 ஜி.பி.க்குக் குறைவாக இன்று வாங்காதீர்கள். உள் ஸ்டோரேஜைப் பின்னால் கூட்ட முடியாது. ஸ்டோரேஜ் இஎம்எம்சி வகையா, யுஎஃப்எஸ் வகையா? முன்னது ஒரே நேரத்தில் படிக்கவோ எழுதவோ ஒன்றைத்தான் செய்யும். பின்னது இரண்டையும் சேர்த்துச் செய்யும். ஆண்ட்ராய்டு என்றால் "வைட்வைன் எல்1" சான்று இருக்கிறதா? அது இல்லாத டேப்லெட்டில் திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் மங்கலான 480பி தரத்தில்தான் தெரியும். நம் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சர்வீஸ் சென்டர் உண்டா? இந்தக் கேள்விகளில் தேறினால், சென்ற ஆண்டின் மாடலைக் குறைந்த விலைக்கு வாங்குவதே பெரும்பாலும் சிறந்த பேரம்.

அவசரப்பட்டு வாங்குவதால் வரும் மனக்கசப்புக்கும் ஒரு சான்று உண்டு. 2012 மார்ச்சில் மூன்றாம் ஐபேட் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வேகமான சிப்போடும் புதிய சார்ஜிங் இணைப்போடும் நான்காம் ஐபேடை அறிவித்தார்கள். ஏழே மாதத்தில் "புத்தம் புதியது" பழையதாகிவிட்டது. புதியது என்ற பட்டம் நம் கையில் நிலைப்பதில்லை; கருவி செய்யும் வேலை மட்டுமே நிலைக்கிறது.

பணத்துக்கு அப்பாலும் ஒரு விலை

ஒரு டேப்லெட் தன் வாழ்நாளில் சூழலுக்குச் சுமத்தும் கார்பனில் பெரும்பங்கு, அது நம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பின்போதே வெளியேறிவிடுகிறது. நாம் போடும் சார்ஜின் பங்கு அதோடு ஒப்பிட்டால் சிறியது. எனவே கூடுதலாக ஓராண்டு பயன்படுத்துவது, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் புதுக் கருவியை வாங்குவதைவிடச் சூழலுக்கு நல்லது. 2022இல் உலகம் உண்டாக்கிய மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. மீதியில் கணிசமான பகுதி குப்பைமேடுகளிலும், கையுறைகூட இல்லாமல் பிரித்தெடுக்கும் ஏழைத் தொழிலாளர்களின் கைகளிலும் போய்ச் சேர்கிறது.

இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள், பழைய கருவிகளை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைக்கின்றன. உங்கள் பழைய டேப்லெட் இன்னும் பயன்படக்கூடியது என்றால், தரவை அழித்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, பாடல் கேட்க விரும்பும் பெரியவருக்கோ படிக்கும் பிள்ளைக்கோ கொடுங்கள். பயன்படாது என்றால் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ நிறுவனத்தின் சேகரிப்பு மையத்திலோ ஒப்படையுங்கள். வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள்.

அடுத்த விளம்பரம் கண்ணில் படும்போது உங்கள் டேப்லெட்டில் மூன்றைப் பாருங்கள்: பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது, ஸ்டோரேஜில் எவ்வளவு இடம் இருக்கிறது, கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம் வந்தது. முதல் இரண்டில் குறை இருந்தால் அதை மட்டும் சரிசெய்யுங்கள். மூன்றாவது நின்றுபோயிருந்தால் புதியதை வாங்குங்கள். மூன்றும் சரியாக இருந்தால் உங்களுக்குப் புதிய டேப்லெட் தேவையில்லை.